பிக்கப்பை நம்பி மலையேறினேன்

களமருதூரிலிருந்து கல்வராயன் மலைச் சந்தைக்கு அரிசி கொண்டுபோய் விற்பது எங்கள் பிழைப்பு. அதற்காகப் போன வருடம் பழைய ஜீப் ஒன்று பார்த்தேன். டீசல் இன்ஜினைக் கழற்றிவிட்டு, சிறிய காரின் பெட்ரோல் இன்ஜினைப் பொருத்தியிருந்தார்கள். விற்றவர் உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் பறக்கவிட்டு, "பிக்கப் இன்னாமா இருக்குது பாருங்க!" என்றார். மூட்டை ஏற்றி மேட்டில் ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்க எனக்குக் கூச்சம். வாங்கிவிட்டேன்.

முதல் நடையில் பின்னால் அரிசி மூட்டைகளோடு என் மனைவி மேரியும் இருந்தாள். செங்குத்தான கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் முக்கி முக்கி நின்றுவிட்டது. இன்ஜின் நின்றதும் பிரேக் மிதி கல்லாக இறுகி, எவ்வளவு அழுத்தியும் பிடிக்கவில்லை. கைபிரேக்கும் தாங்கவில்லை. வண்டி பின்னால் நழுவியது. கண்ணாடியில் சாலையே இல்லை, பள்ளத்து மரங்களின் உச்சிதான் தெரிந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாங்க பாத்துக்கினு இருக்கீங்க, மலப்பக்கம் ஒடிங்க!" என்று மேரி அலறினாள்.

ஸ்டீயரிங்கை ஒடித்தேன். பின்பக்கம் பாறையில் மோதி வண்டி நின்றது. மேரி குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தாள்.

வேகம் வேறு, இழுவை வேறு என்று அன்றுதான் உறைத்தது. அந்த ஜீப்பை மலைக்குப் போகாத ஒருவருக்குக் கொடுத்துவிட்டு டீசல் ஜீப் பார்க்கப் போனேன். இம்முறை மூட்டைகளை ஏற்றி, மேட்டின் நடுவில் நிறுத்தி எடுத்துக் காட்டச் சொன்னேன்.

"வண்டி வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்று விற்பவர்கள் சிரித்தார்கள். நானும் கூச்சத்தோடு சிரித்தேன், ஆனால் மூட்டையை இறக்கவில்லை.

இந்த வண்டி நன்றாகவே ஏறுகிறது. ஆனாலும் அந்த வளைவு வந்தால் மேரி இறங்கி, கையில் ஒரு கல்லோடு நடந்துதான் வருகிறாள்.