வாசலில் ஒரு ஜோடி ஆண் செருப்பு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் ஃபிளாட் வாசலில் எப்போதும் ஒரு ஜோடி ஆண் செருப்பு கிடக்கும். ஒன்பதாம் நம்பர், கறுப்பு. அதைப் போட்டுக்கொள்ள வீட்டில் ஒருவரும் இல்லை. கணவர் பிரிந்து போன பிறகு பாசார் சந்தையில் நானே வாங்கி வைத்தது. தனியாக இருக்கும் பெண்கள் இங்கே பலர் செய்கிற வேலைதான். உள்ளே ஒரு ஆம்பளை இருக்கிறான் என்று வருகிறவன் போகிறவன் நினைத்துக்கொள்ளட்டுமே. பெருக்கும்போது அதை நகர்த்திவிட்டு மறுபடி நேராக வைப்பேன். அந்த வீட்டில் நான் உபசரிக்கிற ஆள் அது ஒன்றுதான்.

என் வேலையைச் சொன்னால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். போதைப்பொருள் விற்கிறவர்களிடம் கொள்ளையடித்தவர்களைத் தேடிப் பிடித்து, ஏன் செய்தீர்கள் என்று ஓர் ஆய்வுக்காகக் கேட்பது. “திருட்டுப் பயகிட்ட திருடுனவனப் போயி ஏன்டான்னு கேக்க ஒரு படிப்பு, அதுக்கு ஒரு சம்பளம்!” என்பாள் அம்பாங்கில் இருக்கும் என் அண்ணி. பேசியவனின் பெயரைக் கேட்கக்கூடாது, பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் விதி. தீபாவளிக்குப் போனால் எல்லோரும் ஆபீஸ் கதையை அவிழ்த்துவிடுவார்கள். நான் முறுக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தலைக்குள் இத்தனை பேர் பேசிக்கொண்டிருக்க, வாய் திறந்து சொல்ல எனக்கு ஒரு ஆள் இல்லையே என்று ஆத்திரமாக வரும்.

கிள்ளானில் ஒரு மறுவாழ்வு இல்லம் இருக்கிறது. அதன் பின்கட்டு அறையில்தான் அந்த ஆளைச் சந்தித்தேன். நாற்பதை நெருங்கியவன், முன்பு லோரியில் சரக்கு ஏற்றி இறக்கும் அட்டெண்டன்ட். ஏதோ அடிதடி வழக்கில் சிறைக்குப் போய் வந்தவன். கொள்ளை விஷயம் வழக்கில் வரவே இல்லை. எப்படி வரும்? பறிகொடுத்தவன் புகார் கொடுத்தால்தானே!

“அதான் மேடம் விஷயம்,” என்றான். “கடைக்காரன்கிட்ட எடுத்தா அவன் போலீசுக்குப் போவான். மருந்து விக்கிறவன் எங்க போவான்? வாய மூடிக்கிட்டு இருக்கணும்லா.”

இதை எல்லோரும் சொல்வார்கள். கையில் ரொக்கம் இருக்கும், சரக்கு இருக்கும், புகார் இருக்காது. எனக்குப் புளித்துப்போன பதில். “அது மட்டும்தானா தம்பி?” என்று கேட்டேன்.

மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “நான் அவன்கிட்ட வாங்கப் போவேன். எல்லாரையும் உள்ள கூப்புடுவான். என்னை மட்டும் வாசல்லயே நிக்க வைப்பான். நாயிக்குப் போடுற மாதிரி இரும்பு கேட்டு வழியா நீட்டுவான். ஒருநாளு உள்ள போயிக் காட்டணும்னு இருந்துச்சு மேடம். அவ்வளவுதான்.”

உள்ளே எத்தனை பேர் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவன் என்னை ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

“சிலிப்பர எண்ணுவோம். மருந்து விக்கிறவனா இருந்தாலும் நம்மாளு சிலிப்பரோட வீட்டுக்குள்ள போவானா? வாசல்ல ஒரு ஜோடின்னா ஒரு ஆளு.” பிறகு என் முகத்தில் எதைப் பார்த்தானோ, சேர்த்துக்கொண்டான். “சும்மா ஏமாத்த வச்சதும் தெரிஞ்சிடும். போடுற சிலிப்பர்ல காலு பதிஞ்சிருக்கும், குதிகால் தேஞ்சிருக்கும். போடாதது கடையில இருக்கற மாதிரியே இருக்கும்.”

 ரெக்கார்டரைச் சரி செய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

அடுத்த முறை போனபோது அவன் உட்காரவே இல்லை. அவனுக்கு ஒரே ஒரு அக்கா, பண்டமாரானில் தனியாக இருக்கிறாள், கணவர் இறந்துவிட்டார். அவள் வீட்டுக்கு இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து இவனை விசாரித்திருக்கிறார்கள். போலீசுக்குப் போக முடியாதவன் இவனை மறந்துவிடவில்லை, அவ்வளவுதான். அக்கா ஆள் இல்லை என்று அனுப்பிவிட்டாள். பிறகு பயந்துபோய், துணைக்கு ஆள் இருப்பதாகத் தெரியட்டும் என்று தம்பியின் பழைய செருப்பை வாசலில் எடுத்து வைத்திருக்கிறாள். அதை போனில் பெருமையாக வேறு சொல்லியிருக்கிறாள்.

“என் காலு பதிஞ்ச சிலிப்பர் மேடம். அவனுங்க பாத்தா நான் உள்ள இருக்கேன்னுதான் நினைப்பானுங்க. கதவ ஒடைச்சிக்கிட்டு வருவானுங்க.” சன்னலுக்கும் கதவுக்கும் நடந்தான். “எடுத்துடுன்னு சொன்னேன். ‘அப்ப நீ இந்த வீட்டுக்கு வரவே மாட்டேன்னு சொல்றியா’ன்னு கேட்டு போன வச்சிட்டா. நான் என்ன செஞ்சேன்னு அவளுக்குத் தெரியாது. நீங்க போயி சொல்லிடுங்க. எனக்கு வாய் வரல.”

மேலதிகாரிக்கு அங்கேயே போன் செய்தேன். உயிருக்கு ஆபத்து என்றால், அவன் சம்மதத்தோடு சொல்லலாம் என்றார். உடனே கிராப் டாக்சி பிடித்துப் புறப்பட்டேன். துறைமுகத்து லோரிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. டிரைவரைச் சும்மா சும்மா நச்சரித்தேன், பாவம்.

அந்தச் செருப்பை கேட்டுக்கு வெளியிலிருந்தே அடையாளம் கண்டுவிட்டேன். நீல வார், வலது குதிகால் சரிந்து தேய்ந்திருந்தது. அக்கா சிரித்த முகத்தோடு வந்து, “யாருங்க, உள்ள வாங்க,” என்றாள். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கொண்டுவந்த மைலோ ஆறி ஏடு படியும்வரை பேசினேன்.

அவள் அழவில்லை. கோபம்தான் வந்தது. “நாசமாப் போறவன். சாப்பாடு போட்டு வளத்தேன் அவன!”

“போலீசுக்குப் போங்கம்மா,” என்றேன்.

“போயி என்னன்னு சொல்றது? என் தம்பி மருந்து விக்கிறவன்கிட்ட கொள்ளையடிச்சான், அதனால காவலுக்கு வாங்கன்னா? புடிச்சு மறுபடி உள்ள போடுவாங்க.”

 இத்தனை காலம் எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன், புகார் கொடுக்க முடியாதவனிடம் எடுத்தால் என்ன ஆகும் என்று. ஒன்றும் ஆகாது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அதன் விளைவு கடைசியில் இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தது, நரைத்த தலையோடு.

காப்பாரில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குக் கொஞ்ச நாள் போய் இருப்பதாகச் சொன்னாள். எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கையில் எடுத்தாள். குப்பைத் தொட்டி அங்கேயே கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் முன்னால் நின்றாள். பிறகு திரும்பி, அதோடு வீட்டுக்குள் வந்தாள். செய்தித்தாளில் சுற்றி, சமையலறையில் அரிசி போட்டுவைக்கும் தோம்புக்குப் பின்னால் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, “யாருகிட்டயும் சொல்லாதீங்க, வீட்டுக்குள்ள செருப்பு வச்சிருக்காளேன்னு பேசுவாங்க,” என்றாள்.

இல்லத்துக்குத் திரும்பிப் போனேன். அவன் வாசற்படியிலேயே காத்திருந்தான். “எடுத்துட்டாங்க. காப்பாருக்குப் போறாங்க,” என்றேன்.

மூச்சை விட்டான். “சிலிப்பர எங்க போட்டா? தூக்கி எறிஞ்சிட்டாளா?”

அவனிடம் சொல்லலாம் என்று பட்டது. “உள்ள எடுத்து வச்சிருக்காங்க.”

“உள்ளன்னா... வீட்டுக்குள்ளயா?”

“அடுப்படியில. அரிசிக்குப் பின்னால.”

“அக்கா செருப்ப உள்ள விடாது மேடம்,” என்றான். “நான் சின்ன வயசுல தெரியாம போட்டுக்கிட்டு போனதுக்கே...” மேற்கொண்டு பேச முடியாமல் முகத்தைச் சட்டையில் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கோமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் வந்து, நடந்தே வீட்டுக்குப் போனேன். வாசலில் அந்தக் கறுப்புச் செருப்பு நேராக இருந்தது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருந்தது. ஒரு விரல்கூடப் பதியவில்லை. ஊருக்கே தெரிந்திருக்கும், எனக்குத்தான் தெரியவில்லை.

அதை உள்ளே எடுத்து வைப்பதென்றாலும் யாருடையது என்று வைப்பது? இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.