ஒனைடாப் பெண் வாங்கிய மாலை

ஊரில் நான் ஆங்கில ஆசிரியையாக இருந்தேன். இங்கே பாரிசில், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒரு கடையில் பூமாலை கட்டுகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை கடைக்கார அண்ணை கூப்பிட்டார்.

“தங்கச்சி, ஒரு மனுசி இங்கிலீசிலை கதைக்கிறா. ஒருக்கா வாங்கோ.”

வந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மாநிறம், நரைத்த நீண்ட பின்னல். எங்கள் ஆளோ என்றுகூட நினைத்தேன். அமெரிக்காவின் பூர்வகுடிகளில் ஒன்றான ஒனைடா இனத்தவர், ஈராக் போரில் அமெரிக்கச் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று சொன்னார். அவருடைய பாட்டனாரின் அண்ணன் முதலாம் உலகப் போரில் பிரான்சுக்கு வந்து இறந்து, பாரிசுக்குக் கிழக்கே ஒரு போர்வீரர் மயானத்தில் கிடக்கிறார். வீட்டார் யாரும் இதுவரை போனதில்லை. மாலை அதற்குத்தான்.

கட்டிக்கொண்டே கதை கேட்டேன். அமெரிக்கா என்ற நாடு பிறந்த விடுதலைப் போரிலேயே அவருடைய சனத்தில் பலர் அமெரிக்கர் பக்கம் நின்று சண்டை பிடித்தார்களாம். அதன்பின் அவர்களுடைய நிலத்தில் பெரும்பகுதி கைவிட்டுப் போனது. அப்படியும் அடுத்தடுத்த போர்களுக்குப் போயிருக்கிறார்கள்.

“காணியை எடுத்த நாட்டுக்காக ஏன் போனீர்கள்?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. “நான் பட்டாளத்தில் சேர்ந்த அன்று அம்மாவும் அதைத்தான் கேட்டார். சிலர் சம்பளத்துக்குப் போனார்கள். சிலர், தகப்பன் போனார் என்று போனார்கள். அந்த மண் இன்னும் எங்களுடையது என்று நம்பிப் போனவர்களும் உண்டு. நான் ஏன் போனேன் என்று எனக்கே முழுதாகத் தெரியாது.”

பிறகு, “உங்கள் வீட்டில்?” என்றார்.

என் தம்பியும் ஊரில் நடந்த போருக்குப் போனவன். அவனைப் புதைத்த மயானத்தைப் பின்னர் இராணுவம் இடித்து மட்டமாக்கிவிட்டது. ஒரு பூ வைக்க இடமில்லை என்று சொன்னேன்.

அவர் தன் பையைத் திறந்தார். ஒரு கொப்பியை எடுத்து நீட்டினார். “தம்பியின் பெயரையும் உங்கள் போன் நம்பரையும் எழுதுங்கள். அங்கே அவர் பெயரையும் சொல்கிறேன்.”

எழுதினேன். பெயரை மூன்று முறை சொல்லிப் பழகினார். என்ன நடக்கிறது என்று அண்ணை கேட்டார். சொன்னதும் இன்னொரு சின்ன மாலையை எடுத்து வந்தார்.

“இதையும் குடுங்கோ. தம்பிக்கு.”

மறுநாள் மத்தியானம் ஒரு படம் வந்தது: வெள்ளைச் சிலுவை, இரண்டு மாலைகள். கூடவே ஒரு குரல்பதிவு. காற்றிரைச்சலுக்கு நடுவே அவர் தன் மொழியில் ஏதோ சொல்கிறார். பிறகு தம்பியின் பெயர். அதை அம்மாவுக்கு அனுப்பினேன்.

பின்னேரம் வேலை முடிந்து சார்செல்லில் உள்ள வீட்டுக்கு ரயிலில் போகும்போது அம்மா போனில் கூப்பிட்டார்.

“ஆர் அது, பிள்ளை?”

“பட்டாளத்திலை இருந்த ஒரு அக்கா, அம்மா.”

“அவ நல்லா இருக்கோணும்,” என்றவர் அழத் தொடங்கினார். இத்தனை வருடத்தில் அவனுக்காக அவர் அழுது நான் கேட்டதில்லை. பெட்டி நிறையச் சனம். போனைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றேன்.