என் மெஷினில் சரியாக ஓடுகிறது

நடந்தது இது. கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நள்ளிரவு, சுடுகாடு, ஊளையிடும் நாய் எதுவும் இதில் கிடையாது. பட்டப்பகல். சனிக்கிழமை மதியம். ஜன்னல் வழியாக வெயில் தரையில் விழுந்து கிடந்தது. வீட்டில் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேர் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இது என் அக்காவுக்கு நடந்தது. நான் கூட இருந்தேன், அவ்வளவுதான். அக்கா பேய்க்குப் பயப்படுகிற ஆளே இல்லை. அவள் கோபத்தைப் பார்த்தால் பேய்தான் பயந்து ஓட வேண்டும்.

அவளுக்கு ஒரு வேண்டாத வேலை உண்டு. பகலில் ஆபீஸ், மிச்ச நேரமெல்லாம் ஒரு வெப் சர்வரின் பிழைகளைத் திருத்துவாள். வெப் சர்வர் என்றால் மிரள வேண்டாம். ஒரு பக்கம் வேண்டும் என்று நம் திரை கேட்கும். அதை எடுத்து நீட்டுகிற வேலையாள் அது. இந்தச் சர்வரை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். திருத்துகிறவர்கள் ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு மூலையில். சம்பளம் கிடையாது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, பட்டப்பெயரோடு சரி. ஒருவர் திருத்தினால் இன்னொருவர் தன் மெஷினில் ஓட்டிப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அதுதான் அவர்கள் வழக்கம்.

நான் ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறேன். ரத்தம், சிறுநீர் எல்லாம் எங்களிடம்தான் வரும். நாங்கள் சோதித்து அனுப்பும் ரிசல்ட் வார்டுத் திரைகளுக்குப் போய்ச் சேர ஒரு பழைய பெட்டி இருக்கிறது. அதைச் செய்த கம்பெனியே இழுத்து மூடிவிட்டது. அதற்குள் ஓடுவது அக்காவின் சர்வர்தான்.

அந்தப் பெட்டி என் உயிரை வாங்கியது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று உறைந்துவிடும். ரிசல்ட் அனுப்பியாகிவிட்டது என்று என் திரை சொல்லும். வரவே இல்லை என்று வார்டு கத்தும். டாக்டர் என்னைத்தான் திட்டுவார். அணைத்துப் போட்டால் ஓடும். மறுபடி உறையும். நடுவில் எந்த நோயாளியின் ரிசல்ட் எங்கே சிக்கிக் கிடக்கிறதென்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

“அக்கா, உங்க சர்வர்தானே? என்னன்னு பாரேன்.”

மூன்று வாரம் பார்த்தாள். மண்டை காய்ந்துபோனாள்.

“என் லேப்டாப்ல ஜம்முனு ஓடுதுடா!”

“அப்போ உன் லேப்டாப்பைக் கொண்டுவந்து லேப்ல வச்சிடவா?”

கையிலிருந்த தலையணை என் மேல் பறந்து வந்தது.

கடைசியில்தான் பொறி தட்டியது. எங்கள் பெட்டியில் இருக்கும் சிப் பழைய வகை. இப்போது யாரும் வைத்துக்கொள்வதில்லை. குழுவிலேயே ஒரே ஒருவரிடம்தான் அந்த வகை மெஷின் உண்டு. அவர் பட்டப்பெயர் குடைக்காரர். தன் படத்துக்குப் பதிலாக மடக்கிய குடை ஒன்றின் படத்தைப் போட்டிருப்பார். நாலு மாதமாக ஆளையே காணோம்.

அவருடைய பழைய பதிவுகளை அக்கா தேடினாள். தேடியவள் சட்டென்று லேப்டாப்பை மூடப் போனாள்.

எட்டிப் பார்த்தேன். மூன்று வருடத்துக்கு முன்பே குடைக்காரர் எழுதியிருக்கிறார்: ‘பழைய வகை மெஷினில் சர்வர் உறைந்துபோகிறது. தயவுசெய்து பாருங்கள்.’

கீழே அக்காவின் பதில்: ‘என் மெஷினில் சரியாக ஓடுகிறது.’

அவ்வளவுதான். எழுதிவிட்டு, இனி பார்க்க ஒன்றுமில்லை என்று புகாரை மூடியிருந்தாள்.

“எல்லாரும் அப்படித்தான்டா எழுதுவோம்...” என்றாள்.

குழுவில் ஒருவரிடம் அவர் விலாசம் இருந்தது. பார்த்தால் எங்கள் ஊரேதான்! அக்கா வீட்டிலிருந்து இருபது நிமிடம். பத்து வருடம் கூட வேலை செய்த மனிதர் இவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறார், இவளுக்குத் தெரியாது. சனிக்கிழமை மதியம் அக்காவின் காரில் கிளம்பினோம்.

கதவைத் திறந்தது அவர் மனைவி. ஐம்பதைத் தாண்டியவர். அக்கா விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

“அவர் போய் நாலு மாசமாச்சும்மா.”

குடைக்காரரின் நிஜப் பெயரை அப்போதுதான் அவர் வாயால் கேட்டோம். எப்படிப் போனார் என்பதையும் அவரே சொன்னார்.

“ரத்தத்துல ஏதோ உப்பு ஏறிப்போச்சாம். சட்டுன்னு தெரிஞ்சிருந்தா காப்பாத்தியிருக்கலாம்னாங்க. தெரியறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு.”

திரும்பிப் போய்விடலாம் என்று நான் அக்காவின் கையைத் தொட்டேன். அவர் மனைவிதான் விடவில்லை.

“மெஷின் பின்னறையில ஓடிக்கிட்டுதான் இருக்கு. அணைக்காதேன்னு எப்பவும் சொல்லுவார். அணைக்க மனசு வரல. இன்டர்நெட் லைனை மட்டும் எடுக்கச் சொல்லிட்டேன். வந்து பாருங்க.”

பின்னறை சின்னதுதான். ஒரு மேஜை. சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி ஒன்று, நடுவில் பள்ளம் விழுந்த பஞ்சு மெத்தையோடு. மேஜைக்கடியில் பெரிய சாம்பல் நிற மெஷின். அதன் பின்னாலிருந்து வந்த இணைய வயர், முனை எதிலும் சேராமல் தரையில் கிடந்தது. நான் காலால் தள்ளிவிட்டேன்.

அக்கா நாற்காலியில் உட்காரப் போனாள்.

“அதுல வேண்டாம்மா... ஸ்டூல் தரேன்.”

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். நாற்காலி அவளுக்குப் பின்னால் நின்றது. நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

முதலில் ஒன்று கவனித்தேன். மேஜையில் விரல் புதைகிற தூசி. திரையிலும் தூசி. ஆனால் கீபோர்டில் ஒரு பொட்டுத் தூசிகூட இல்லை. அவர் மனைவி துடைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா சர்வரை ஓடவிட்டாள். நாலு முறை ஓடியது. ஐந்தாவதில் உறைந்தது. எங்கள் பெட்டியில் நடப்பது போலவே, அச்சு அசலாக.

“மாட்டுனியா!” என்றாள். மூன்று வாரத்தில் அன்றுதான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

சிரிப்பு நிலைக்கவில்லை. ஆயிரக்கணக்கான புரோகிராம் வரிகள். எங்கே என்று தேடுவது? ஒரு மணி நேரம் போயிற்று. இங்கே மாற்றினாள், உறைந்தது. அங்கே மாற்றினாள், உறைந்தது. வாயில் நல்ல வார்த்தையே வரவில்லை அவளுக்கு.

மெஷினுக்குள் ‘டிக்’ என்று ஒரு சத்தம்.

சர்வர் தன்னிடம் வருகிற ஒவ்வொரு கேள்வியையும் திரையின் ஓரத்தில் ஒரு வரியாகக் குறித்துவைக்கும். அதில் புதிதாக ஒரு வரி. யாரோ 4417 என்ற பக்கத்தைக் கேட்கிறார்கள். அப்படி ஒரு பக்கம் இல்லை என்று சர்வர் பதில் சொல்லியிருக்கிறது.

“இது எங்கேருந்து வருது?” அக்கா எரிச்சலோடு கேட்டாள்.

டிக். மறுபடி 4417. இல்லை.

“டேய், வயரை எங்கயாவது சொருகிட்டியா?”

குனிந்து வயரைத் தூக்கிக் காட்டினேன். முனை என் கையில் இருந்தது.

“அவர் ஏதாவது எழுதி வச்சிருப்பார், தானா கேக்குற மாதிரி.” தேடினாள். அப்படி எதுவும் இல்லை.

டிக். 4417. இல்லை.

அப்போதுதான் அக்கா ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“தம்பி... சர்வர் உறைஞ்சு கிடக்குதுடா.”

“அதுக்கென்ன?”

“உறைஞ்சு கிடக்குற சர்வர் எப்படிப் பதில் சொல்லும்?”

கையிலிருந்த வயரைக் கீழே போட்டேன். வெயில் அப்படியே தரையில் இருந்தது. அடுப்படியில் அவர் மனைவி பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. எல்லாம் சாதாரணமாகத்தான் இருந்தது, இந்த ஒன்றைத் தவிர.

அக்காவுக்குப் பயத்தை முந்திக்கொண்டு கோபம்தான் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு புரோகிராம் வரிகளைக் கீழே தள்ளிப் படித்தாள்.

டிக்... டிக்... டிக்...

இன்னும் கீழே போனாள். சத்தம் குறைந்தது.

மேலே வந்தாள். டிக்டிக். டிக்டிக்.

“கிட்ட போனா வேகமா அடிக்குது” என்றேன்.

“வாயை மூடுடா.”

ஆனால் அவளும் புரிந்துகொண்டுவிட்டாள். ஒவ்வொரு வரியாக மேலே நகர்த்தினாள். வேகம் கூடியது. திரையோரம் முழுக்க 4417. 4417. 4417.

டிக்டிக்டிக்டிக்டிக்...

ஒரு வரியில் நின்றாள்.

சத்தம் நின்றது.

அந்த வரியையே பார்த்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

எதிர்முனையில் இருப்பவர் தொடர்பைத் துண்டித்தால், ‘முடிந்தது’ என்று ஒரு குறி வரும். கழித்தல் ஒன்று. புது மெஷின்களில் அதைப் போட்டுவைக்கிற சின்ன இடத்தில் கழித்தல் ஒன்று அப்படியே நிற்கும். இந்தப் பழைய வகையில் நிற்காது, வேறு எண்ணாக மாறிவிடும். ஆகவே முடிந்ததென்று சர்வருக்குத் தெரியவே தெரியாது. போனவருக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்தே கிடக்கும். பின்னால் வருவதெல்லாம் சிக்கிக்கொள்ளும்.

ஒரே ஒரு சொல்லை மாற்றினாள். அவ்வளவுதான் திருத்தம். மூன்று வருடத்துக்கு முன்பு இந்த மெஷினில் ஒருமுறை பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

சர்வரை மறுபடி ஓடவிட்டாள்.

டிக்.

4417.

இம்முறை ‘இல்லை’ என்று வரவில்லை.

‘கொடுக்கப்பட்டது.’

இல்லாத பக்கத்தை... யாருக்கு?

அடுத்த வரி வந்தது. எதிர்முனை தொடர்பை முடித்துக்கொண்டது.

அக்காவின் பின்னால் ‘க்ரீச்’ என்றது.

திரும்பினோம்.

நாற்காலிதான். அதன் மெத்தையில் இருந்த பள்ளம்...

மெதுவாக...

மேலே எழும்பிக்கொண்டிருந்தது.

நான் அலறினேனா, தெரியாது. அவர் மனைவி ஈரக் கையோடு ஓடிவந்து வாசலில் நின்றார். எங்களைப் பார்க்கவில்லை. காதைச் சாய்த்துக் கேட்டார்.

“அந்த டிக் டிக் நின்னுடுச்சா?”

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

“நாலு மாசமா அது என்னைத் தூங்கவிடலம்மா.” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவரே குனிந்து மெஷினின் ஸ்விட்சை அணைத்தார். “இதை நீங்களே கொண்டுபோயிடுங்க. உங்களுக்காகத்தான் வச்சிருந்தார் போல.”

நானும் அக்காவும் தூக்கி வந்து காரின் டிக்கியில் வைத்தோம். மின் வயரைச் சுற்றி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். கார் வீடு வந்து சேர்ந்தபின் அந்த டிக்கியைத் திறக்க எங்கள் இரண்டு பேருக்குமே தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை எனக்கு டியூட்டி. அக்காவும் லேபுக்கு வந்தாள். ஒப்புதல் கொடுக்க அந்த வகை மெஷின் குழுவில் வேறு யாரிடமும் இல்லை, அதனால் வழக்கத்தை மீறினாள். “யாராவது கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்” என்று திருத்தத்தை எங்கள் பெட்டியில் ஏற்றினாள்.

பெட்டி ஓடியது. பல மாதங்களாக உள்ளே சிக்கிக் கிடந்த பழைய ரிசல்ட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பெரும்பாலும் நாங்கள் மறுபடி சோதித்து அனுப்பியவைதான். கடைசியாக வந்தது மட்டும் யாரும் மறுபடி சோதிக்காதது. நாலு மாதம் பழசு. ரத்தத்தில் இருக்கிற பொட்டாசியம் என்ற உப்பு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. பக்கத்தில் சிவப்பில், ‘டாக்டருக்கு உடனே தெரிவிக்கவும்.’

மாதிரி எண் 4417.

நோயாளியின் பெயரைப் படித்தேன். முந்தின நாள் அவர் மனைவி சொன்ன அதே பெயர்.

அக்கா பக்கத்து ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. “நான்தான்டா மூடினேன்... அவர் எழுதினதை நான்தான்டா மூடினேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து லேப்டாப்பைத் திறந்தாள். அந்தப் பழைய புகாரை மறுபடி திறந்து, மன்னிப்பாவது கேட்க வேண்டும் என்றாள். பக்கம் வந்தது.

புகார் ஏற்கெனவே திறந்திருந்தது.

‘என் மெஷினில் சரியாக ஓடுகிறது’ என்ற அவள் பதிலுக்குக் கீழே புதிதாக ஒரு வரி. பக்கத்தில் மடக்கிய குடையின் படம்.

‘சோதித்தேன். இப்போது என் மெஷினிலும் சரியாக ஓடுகிறது. ஒப்புதல்.’

அவருடைய கடவுச்சொல் யாருக்காவது தெரிந்திருக்கும் என்று இன்றைக்கும் நான் அக்காவிடம் வாதாடுகிறேன். அந்த வரியைப் பதித்த நேரத்தை மட்டும் விரலால் தொட்டுக் காட்டுவாள். முந்தின நாள், இரவு ஒன்பது மணி.

அப்போது அந்த மெஷின் அக்கா காரின் டிக்கியில் இருந்தது. அதன் மின் வயர் என் பையில் இருந்தது.