வில் பேசிய காலை

முதல் வில் ஒடிந்தபோது என் மகன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒடிந்த துண்டு அவன் காதோரமாகப் பறந்து சுவரில் மோதி விழுந்ததை நான் பார்த்திருந்தேன். ஒரு சாண் இந்தப் பக்கம் வந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். அன்றைக்கு வந்த அந்த நினைப்பு அப்புறம் போகவேயில்லை.

அவனுக்கு வயது பத்தொன்பது. மெட்ரிகுலேஷன் வரை படித்தவன். அவனுக்குத் தாலுகா கச்சேரியில் ஒரு குமாஸ்தா வேலை வாங்க நான் அலைந்துகொண்டிருக்க, அவன் வில்லுப்பாட்டுக் கூட்டத்தோடு கோயில் கொடைக்குக் கொடை ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தான். பின்பாட்டுத்தான் பாடினான். சொந்தமாக ஒரு வில் இருந்தால் முன்னால் உட்கார்ந்து பாடலாம் என்று அவனுக்கு ஆசை. நான் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற எனக்கு உளி பிடிக்கவே தெரியாது. வில் முடிகிற வரைக்குமாவது பிள்ளை வீட்டில் இருப்பானே என்ற எண்ணம்தான்.

பக்கத்துத் தெரு ஆசாரியிடம் வைரம் பாய்ந்த பனந்துண்டுகள் மூன்றைப் பிளந்து வாங்கினேன். ஓர் ஆள் உயரத்துக்கும் மேலான நீளம். கறுத்து இறுகிய பக்கம்தான் பாரம் தாங்கும் என்று நினைத்து, அதை நாண் இருக்கும் உள்பக்கமாக வைத்துச் செதுக்கினேன். வளைத்ததும் வெளிப்பக்கத்தில் இருந்த மெத்தென்ற சோற்றி இழுபட்டுப் பிய்ந்து ஒடிந்தது. இரண்டு துண்டுகளையும் முற்றத்தில் பொருத்தி வைத்து வெகுநேரம் பார்த்த பிறகுதான் வளைகிற மரத்தில் வெளிப்பக்கம்தான் இழுபடும் என்று புரிந்தது. நோட்டுப் புத்தகத்தில் படம் போட்டு எழுதி வைத்தேன்.

இரண்டாவது வில்லில் கறுப்பை வெளியே வைத்தேன். ஆனால் அவசரப்பட்டு வெயிலில் காயப்போட்டுவிட்டேன். நுனியிலிருந்து மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அதுவும் வளைக்கும்போதே போயிற்று. இந்த முறை துண்டு அவன் புறங்கையைக் கிழித்தது. ஆசாரி தெருவில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, "வாத்தியாரய்யா வில்லா செய்யுதாக? வெறகுல்லா ஒடிக்காக" என்றார். தெருவே சிரித்தது. என் மகனும் கையில் துணியைச் சுற்றிக்கொண்டே சிரித்தான். போதும், விட்டுவிடலாம் என்று நான் சொன்னதற்கு, "இன்னும் ஒரு துண்டு கெடக்குல்லாப்பா" என்றான்.

மூன்றாவதை நிழலில் மூன்று மாதம் போட்டு வைத்தேன். விளக்கெண்ணெய் தடவினேன். நடுவில் கனமாகவும் வில்லின் இரு பக்கத்துக் கைகளும் ஒரேபோல மெலிந்தும் வரும்படி தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தும் பழக்கினோம். ஒடியவில்லை. அம்மன் கொடைக்கு நான்கு நாள் இருக்கும்போது என் மனைவி வில்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். அன்று சாயங்காலம் நுனிகளுக்குப் பித்தளைப் பூண் அடிக்க ஆசாரி வந்தார். அவர் பார்ப்பதற்காக என் மகன் வில்லை முழங்காலில் வைத்துப் பாதிவரை வளைத்தான். எங்கேயோ 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொன்று.

ஆசாரி தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"வாத்தியாரய்யா, வில்லு பேச ஆரம்பிச்சிட்டு."

எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. வில்லுப்பாட்டுக்காரர்கள் ஒரு வில்லைப் பற்றி அதற்கு மேல் புகழ்ந்து சொல்ல மாட்டார்கள். நாணில் கோல் பட்டதும் வில் பேசுது என்பார்கள். இரண்டை ஒடித்த பிறகு வந்த புகழ்ச்சி அல்லவா? "பேசட்டும் ஆசாரி, நல்லாப் பேசட்டும்" என்றேன். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கொண்டுவந்த பூணைப் பையிலேயே போட்டுக்கொண்டு, "கொடை முடியட்டும், பொறவு அடிச்சிக்கிடலாம்" என்று சொல்லிப் போய்விட்டார்.

நாண் இன்னும் ஏற்றாத வில்லுக்கு எங்கிருந்து பேச்சு வரும் என்று நான் யோசிக்கவில்லை. அமங்கலம் என்று, விளக்கை அணை என யாரும் சொல்லாத, குளிர வை என்று மட்டும் சொல்லுகிற வீட்டில் பிறந்து வளர்ந்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

மறுநாள் காலை முற்றத்தில் நாண் ஏற்றினோம். கீழ் நுனியை நான் பிடித்துக்கொண்டேன். அவன் வில்லின் நடுப்பகுதியை முழங்காலால் அழுத்தி மேல் நுனியை இழுத்து, தோல் நாணின் கண்ணியை மாட்டக் குனிந்தான். டிக், டிக் என்று இரண்டு தரம் கேட்டது. மூன்றாவது வெடிச்சத்தமாக இருந்தது. என் கையிலிருந்த பாதி துள்ளி விழுந்தது. அவன் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்தான். விரல்களுக்கு நடுவே ஊசி போல ஒரு கறுப்பு மரச் சிலாம்பு நீட்டிக்கொண்டிருந்தது.

ரயிலில் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் சிலாம்பை எடுத்தார். அந்தக் கண்ணில் இனிப் பார்வை இல்லை என்றார். அதோடு விடவில்லை. குத்துப்பட்ட கண்ணை அப்படியே விட்டு வைத்தால், அதனாலேயே நல்ல கண்ணும் கெட்டுப்போகக் கூடும், எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார். எடுத்த பிறகும் வலது கண் சிவக்கிறதா, வெளிச்சத்தில் கூசுகிறதா, எழுத்து மங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

என் மனைவி சம்மதிக்கவில்லை. "அது பாட்டுக்கு அங்கனயே இருந்துட்டுப் போகட்டும். பாக்காட்டாலும் எம்பிள்ளை கண்ணுல்லா" என்றாள். நான் சம்மதக் காகிதத்தையும் பேனாவையும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கட்டுப் போட்டுக் கிடந்தவன்தான் சொன்னான்.

"எடுக்கச் சொல்லுங்கப்பா. ஒண்ணாவது நிக்கட்டும்."

கையெழுத்துப் போட்டேன்.

ஊர் திரும்பியதும் ஆசாரியிடம் போனேன். சண்டைக்குத்தான் போனேன். மரத்துக்குள் நார் ஒவ்வொன்றாக அறுபடும்போது வரும் சத்தத்தைத்தான் தச்சர்கள் பேசுகிறது என்பார்களாம்.

"சொன்னேன்லா ஐயா" என்றார். "மஞ்சள் பூசி நிறுத்துன வில்லு முன்னால அந்தச் சொல்லை எப்படிச் சொல்லுவேன்? பூணு அடிக்காமப் போனேனே, அப்பவாவது வெளங்கலியா?"

அவர் கண் கலங்கியிருந்தது. நான் வீடு திரும்பினேன். துண்டுகளை என் மனைவி அடுப்பில் வைப்பதற்கு முன் பொருத்திப் பார்த்தேன். ஒடிந்த இடம் நான் கடைசியாகச் சுரண்டிய இடம். வில்லின் இரண்டு கைகளும் ஒரே கனமாக இல்லை என்று நினைத்து, மறுபடி மறுபடி ஒரே இடத்தில் சுரண்டியிருக்கிறேன். விரலால் தடவினாலே பள்ளம் தெரிந்தது. இதை நோட்டில் எழுதவில்லை.

அவன் திரும்பவும் பாடப் போகிறான், வேறொருவர் வில்லில். நான் தடுக்கவில்லை. தினமும் காலையில் வாசல் வெளிச்சத்தைப் பார்த்து அவனை உட்காரவைத்து, பத்திரிகையில் ஒரு பத்தி வாசிக்கச் சொல்கிறேன். முதலில் வேடிக்கையாக வாசித்துக்காட்டினான். அப்புறம் எரிச்சல்பட்டான். இப்போது நீட்டியதும் வாசிக்கிறான். போன வெள்ளிக்கிழமை நடுவில் நிறுத்தி வலது கண்ணைக் கசக்கினான். என்னலே என்றேன். "தூசிப்பா" என்றான். அன்றைக்குக் காற்றும் இருந்தது. நேற்று ஒரு பத்தியைத் தடங்கலில்லாமல் வாசித்தான். இன்று காலை பத்திரிகையை நீட்டினேன். அவன் அதை வாங்கிக்கொண்டு, நான் கேட்காமலேயே, எழுந்துபோய் வாசல் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.