ஒரு பக்கம் கீறாத லம்பாம்

லம்பாம் மீனுக்கு வாயில் பல் கிடையாது, தொண்டைக்குள்தான் பல். உடம்பு முழுக்க முள், தலைமுடி போல மெல்லிசாக, நுனியில் இரண்டாகப் பிளந்து கிடக்கும். மலேசியாவில் பாலிங் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆற்றில் அது கூட்டமாகத் திரியும். கரையிலிருந்து விழும் இலை, பழம், ரப்பர் கொட்டை எல்லாம் அதற்குச் சாப்பாடு. கொட்டை வெடித்து விழும் மாதத்தில் உள்ளே இருக்கும் பருப்பை அவித்துத் தூண்டிலில் குத்திப் போட்டால் போதும். காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டி முடித்ததும் நேரே ஆற்றுக்குத்தான் ஓடுவேன். வயசுப் பெண் தூண்டிலோடு நிற்கிறாளே என்று தோட்டத்து லயத்தில் வீட்டுக்கு வீடு பேச்சு. பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆற்றுப் பாலத்தில் சைக்கிளை நிறுத்தி என்னைப் பார்த்தவர்தான் டவுன் மளிகைக் கடைக்காரர் மகன். எனக்கும் அவரைப் பிடித்துப்போயிற்று, சாதாரணமாக இல்லை, பைத்தியமாக. அவருடைய அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. மகன் இரண்டு நாள் சாப்பிடாமல் அடம்பிடித்ததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகலாமென்று அந்த அம்மா கிளம்பினார். சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டுச் சோற்றில் கை நனைக்கக் கூடாது. நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். எங்கள் ஆட்களிடம் அதற்கு மறுபேச்சே இல்லை.

நாலு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள், லாரி கிடைத்ததென்று பன்னிரண்டு மணிக்கே வந்து இறங்கினார்கள். நான் அடுப்படியில் லம்பாமைக் கீறிக்கொண்டிருந்தேன். நெருக்கமாகக் கீறிப் பொரித்தால்தான் அந்தப் பொடி முள் முறுகி நொறுங்கும். வாசலில் கடைக்காரர் மகன் குரல் கேட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு பக்கம் கீறியதோடு மறந்துபோய் அப்படியே எண்ணெயில் போட்டுவிட்டேன்.

"காப்பித் தண்ணி போதும்லா. கை நனைக்க வரல" என்று அந்த அம்மா என் அம்மாவிடம் கறாராகச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் மூக்கை உறிஞ்சினார். "என்னா, லம்பாமா பொரியுது?"

"ஆமாங்கக்கா. எங்களுக்குத்தான் பொரிக்கிறோம்."

"ஒரு துண்டு கொண்டாங்க. வெறும் மீனுதானே, சோத்துல கை வைக்காத வரைக்கும் கணக்கில்ல."

தட்டை நான்தான் நீட்டினேன். ஒரு துண்டு இரண்டாயிற்று. மூன்றாவதில் கண்ணில் நீர் முட்ட, தொண்டையைப் பிடித்துக்கொண்டார். கீறாத பக்கம் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. போச்சு, என் கல்யாணம் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

என் அம்மா யோசிக்கவே இல்லை. பானையிலிருந்து வெறுஞ்சோற்றை அள்ளித் தட்டில் போட்டு, "உருட்டி முழுங்குங்கக்கா, மெல்லாதீங்க" என்றார். அவரும் உருட்டினார், விழுங்கினார். மூன்றாவது உருண்டையோடுதான் முள் இறங்கியது.

மூச்சு வந்ததும் அந்த அம்மா தம் கையைப் பார்த்தார். ஐந்து விரலிலும் சோறு. நாங்களும் பார்த்தோம். அவருடைய மகன் வாயைப் பொத்திக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மீன யாரு பிடிச்சது?"

"நான்தான், அத்தை."

வாய் முந்திக்கொண்டது. நாக்கைக் கடித்தும் பயனில்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தட்டை என் பக்கம் தள்ளினார்.

"அத்தைய வெறுஞ்சோறு திங்க வைக்கிறியே. குழம்ப ஊத்து."