கேட்காமல் போட்ட படம்

மருதனார்மடம் சந்தையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றபோது சாவுச் செய்தி வந்தது. "தவமணி அக்கா மோசம் போயிட்டா, அண்ணை. காலமை எழும்பேல்லை" என்றாள் விழாவில் எங்களுடன் வேலை செய்யும் சுகந்தி. கையிலிருந்த காயைக் கீழே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நல்லூரில் வருடாவருடம் நாங்கள் நடத்தும் ஆவணப்பட, கார்ட்டூன், குறும்பட விழாவுக்கு வந்த உங்களுக்கு அவரைத் தெரியும். கதிரைகளை வரிசை பார்த்துப் போட்டு, யன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டிவிட்டு, கடைசிக் கதிரையில் இருப்பார். தெரியாதது, அதற்கு முன்னர் அவர் செய்த வேலை. ஆவணப்படம் ஒன்று தெரிவானதும் அதில் வருகிறவர்களின் வீட்டுக்கு மடிகணினியுடன் பஸ் ஏறிப் போவார். முழுப் படத்தையும் காட்டிச் சம்மதம் கேட்பார். இயக்குநர் முன்பே வாங்கிய சம்மதம் அவருக்குக் காணாது. "நாங்கள் படம் பாத்திட்டு வீட்டை போயிடுவம். அதிலை வாற சனம் ஊருக்குள்ளை நடமாட வேணும்" என்பார். முணுமுணுக்கும் இயக்குநர்களிடம், "கார்ட்டூன் எடுங்கோ. கீறின நாயிட்டை ஒருத்தரும் கேக்கத் தேவையில்லை" என்று சிரிப்பார்.

ஒரு வருடம் முழங்கால் நோவால் அவரால் போக முடியவில்லை. கரவெட்டியில் ஒரு தாயிடம் என்னைக் கேட்டுவரச் சொன்னார். காணாமல் போன தன் மகன் இனி வரமாட்டான் என்று அந்தத் தாய் கமெராவுக்கு முன்னால் சொல்லியிருந்தார். நான் போகவில்லை. அழைப்பிதழ் வேலை இருந்தது, அதைவிடப் பஞ்சி, வெறும் சோம்பல். "ஓம் அக்கா, கேட்டனான். சம்மதமாம்" என்றேன்.

அயலவர் யாரோ சொல்லி, அந்தத் தாயின் கணவர் படம் பார்க்க வந்திருந்தார். மகன் வருவான் என்று அவனுடைய சைக்கிளுக்குக் கிழமைதோறும் காற்றடித்து வைக்கிற மனிதர். விளக்குகள் எரிந்ததும் எழுந்து அக்காவிடம் வந்தார்.

"எனக்குச் சொல்லாததை உங்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறா" என்றார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "பிழை என்ரை, ஐயா" என்றார். பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. அந்த மனிதர் சாகும்வரை மனைவியோடு கதைக்கவில்லை என்று பின்னர் அறிந்தேன்.

அடுத்த வருடமும் அக்கா என்னைத்தான் அனுப்பினார். "நீர் கேட்டனீரெண்டால் எனக்குச் சரி" என்றார். என் பொய் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? எதுவானாலும் என்னால் தாங்க முடியவில்லை. அதன்பிறகு எல்லா வீட்டுக்கும் போனேன். அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் போகவில்லை.

செத்தவீட்டுக்குக் கரவெட்டித் தாய் வந்திருந்தார். "என்னைக் கேளாமல் போட்டவதான். எண்டாலும் வராமல் இருக்கேலாது" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். எல்லோருக்கும் கேட்டது. நான் அப்போதும் பேசாமல் இருந்தேன்.

ஆகையால் இங்கே எழுதுகிறேன். கேட்காமல் போட்டது தவமணி அக்கா அல்ல, நான். விழாவை இனி என்னை நடத்தச் சொல்கிறார்கள். எந்த முகத்தோடு ஒரு வீட்டுப் படலையைத் திறப்பேன்? அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அவர் என்மேல் வைத்த நம்பிக்கை மட்டும்தான். அதைப் பிழையான ஆளிடம் வைத்துவிட்டீர்கள் என்று சொல்ல இன்று எனக்கு வாய் வருகிறது. கேட்க அக்கா இல்லை.