புகைப்புரையில் பிடித்த மெட்டல் கேசட்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பாறசாலையில் கேசட் கடை போட்டேன். கல்யாண வீட்டு மைக் செட்டைப் பிரித்து ஒலி கலக்கும் மிக்சரை நானே செய்தேன். ஒற்றசேகரமங்கலத்தில் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையை ரெக்கார்டிங் ஸ்டுடியோ ஆக்கினேன். கிதார் அலறி, டிரம் இடித்து, தொண்டை கிழியப் பாடுகிற மெட்டல் பாட்டுக்கென்று இந்தக் கேரள எல்லைப்புறத்தில் ஒரு கம்பெனி, அதுவும் சொந்த ஸ்டிக்கரோடு! எவனும் கை கொடுக்கவில்லை. சிரித்தார்கள், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் மூன்று பேர் என்னைத் தேடி வந்தார்கள். பாடுகிறவன் பஸ் கண்டக்டர். மற்ற இருவரும் மிஷன் சபையில் கிதாரும் டிரம்மும் வாசித்தவர்கள். சத்தம் கூடிப்போனது என்று சபையில் நிறுத்திவிட்டார்களாம். அந்தச் சத்தம்தானே எனக்கு வேண்டும்! புகைப்புரைக்கு அழைத்துப் போனேன். அங்கே தொங்கும் ஷீட்டுகள் எதிரொலியை அப்படியே விழுங்கிவிடும். ஆனால் ஷீட் உலர்த்தக் காலையில் மூட்டிய தேங்காய்ச் சிரட்டைத் தீ அடியில் கனன்றுகொண்டிருந்தது. அணைக்காதவன் நான். அதை மறதி என்று இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இரண்டாவது பாட்டிலேயே கண்டக்டருக்குத் தொண்டை கட்டியது.

"அண்ணாச்சி, கண்ணு எரியுது. நான் பாடவா, சாவவா?"

"எலே, செருமாத! அந்தக் கரகரப்பு தங்கமாக்கும். அப்பிடியே பிடி மக்கா!"

பிடித்தான். காட்டுப்பன்றி உறுமுவதுபோல் ஒரு குரல்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கேசட் நெய்யாற்றின்கரை முழுக்கப் பறந்தது. டீக்கடைக்காரர்கள் காதைப் பொத்தினார்கள், கல்லூரிப் பிள்ளைகள் கடை வாசலில் காத்துக் கிடந்தார்கள்.

சின்னக் கம்பெனிகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய கம்பெனிக்கு அப்போதுதான் எங்கள் மேல் கண் விழுந்தது. மேனேஜர் காரில் வந்து இறங்கினார்.

"இனிமே சின்னக் கம்பெனி நிக்காது சார். இவங்கள எங்க ஏசி ஸ்டுடியோவுல மறுபடி பாட வைக்கிறோம்."

"கொண்டு போங்க. அந்தக் குரல் வருதான்னு பாப்போம்" என்றேன்.

வருமா? கண்ணாடி அறைக்குள் கண்டக்டர் மணி மாதிரி சுத்தமாகப் பாடியிருக்கிறான். பஜனைக்குப் பாடியதுபோல் இருந்ததாம். பத்தே நாளில் கார் திரும்பி வந்தது. இப்போது மேனேஜருக்குப் புகைப்புரையில் நான் பிடித்த மூலப் பதிவு, அந்த மாஸ்டர் டேப்பே வேண்டும். கூடவே கண்டக்டரும் இறங்கினான்.

"நீங்க தராட்டா எங்க பாட்டு இந்த ரோட்டத் தாண்டாது அண்ணாச்சி."

"தாறேன். என் பேரு?"

"அட்டையில உண்டாக்கும். நான் பொறுப்பு" என்றான் கண்டக்டர்.

கொடுத்தேன். வடக்கே ஏதேதோ ஊரிலெல்லாம் என் புகைப்புரைச் சத்தம் கேட்டது! ஆனால் கேசட் அட்டையில் ஒலிப்பதிவு என்ற இடத்தில் ஏசி ஸ்டுடியோவின் பெயர். "சொன்னேன் அண்ணாச்சி, அவனுக கேக்கல" என்று கண்டக்டர் தலையைத் தொங்கப் போட்டான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை.

அந்தக் கம்பெனியையும் அதைவிடப் பெரியது ஒன்று விழுங்கிவிட்டதாம். விழுங்கட்டும். அடுத்த சத்தம் என்னைப் போன்றவனின் புரையிலிருந்துதான் கிளம்பும். ஏசி அறைக்குள் சிரட்டை எரிக்க அவர்களில் எவனுக்குத் தைரியம் வரும்?

அதே பாட்டுகளை இப்போது சி.டி.யாகப் போடப் போகிறார்கள் என்று கேள்வி. கம்பெனிக்காரர்களே, டேப்பை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அட்டையில் ஒரு வரி அச்சடித்தே ஆகவேண்டும்: ஒலிப்பதிவு, ஒற்றசேகரமங்கலம் புகைப்புரை. அதற்கு அடியில் என் பெயர். சின்ன எழுத்தில் போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.